அநாதைப் பிள்ளைகளின் படிப்பு: விடுதியில் சேர்த்துவிட்டால் கடமை முடிந்ததா?

ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பள்ளிவாசல் வாசலில் காத்து நிற்கும் பெண்களை, முகப்பேர், பாடி, அம்பத்தூர் பகுதிகளில் இமாமத் செய்யும் எல்லோருக்கும் தெரியும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ரேஷன் கார்டு நகல், கணவரின் இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் ஆதார். "ஹஜ்ரத், வீட்டு வேலை செய்றேன். ரெண்டு புள்ளைங்களை வச்சிக்கிட்டு வாடகையும் கட்ட முடியல. பையனை மட்டும் ஏதாவது யதீம்கானாவில சேத்துடுறேன், ஒரு லெட்டர் கொடுங்க" என்று கேட்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படிக் கேட்ட ஒரு தாய்க்கு நான் உடனே கடிதம் கொடுத்தேன். நல்ல காரியம் செய்ததாகவும் நினைத்துக்கொண்டேன். அது நவம்பர் மாதம். பையன் ஏழாம் வகுப்பில் பாதியில் இருந்தான். பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்காமலேயே வெளியூர் விடுதி ஒன்றுக்குப் போனான். அந்த ஆண்டு அவன் எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் இல்லை. மறு ஆண்டு அதே ஏழாம் வகுப்பில், தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு உட்கார்ந்தான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டான். உணவுக்கும் உடைக்கும் குறை இருந்ததில்லை. தொழுகையும் ஓதலும் இருந்தன. படிப்பு மட்டும் யார் பொறுப்பிலும் இல்லாமல் போயிற்று. கடிதம் கொடுத்த நானும் அதன் பிறகு ஒருமுறைகூட விசாரிக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வோடுதான் இதை எழுதுகிறேன்.

இப்போது எழுதுவதற்கு வேறு காரணமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எத்தனை அநாதைக் குழந்தைகள் பள்ளியில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் விடுபட்டிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும்படி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அடுத்த மாதமே, செப்டம்பர் 15 அன்று, தமிழக அரசு 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தொடங்கியது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும் மாநில அரசும் இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகின்றன. யதீம்களைப் பற்றி மிம்பரில் அதிகம் பேசும் நம் சமுதாயம் இதில் எங்கே நிற்கிறது?

வளர்ந்தது எங்கே?

மார்க்கத்தில் யதீம் என்பவர் பருவ வயதை அடையும் முன் தந்தையை இழந்த பிள்ளை. அப்படியானால், நாம் 'அநாதை' என்று விடுதிக்கு அனுப்பும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் உயிரோடு இருக்கிறார். அந்தப் பிள்ளைக்குக் குடும்பம் இருக்கிறது. அக்குடும்பத்தில் வருமானம்தான் இல்லை.

நம் தலைவர் நபி (ஸல்) அவர்கள் யதீமாகவே பிறந்தார்கள். தாயை இழந்த பின் பாட்டனாரிடமும், அவருக்குப் பின் பெரிய தந்தை அபூதாலிபிடமும், அதாவது உறவினர் வீட்டில்தான் வளர்ந்தார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வரலாறு நம் மதரஸா மாணவர் எல்லோருக்கும் தெரியும். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். ஆசிரியருக்குக் கூலி கொடுக்கத் தாயிடம் பணம் இல்லை. ஆசிரியர் எழுந்து போகும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளை இவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. இமாம் அஹ்மத் (ரஹ்), இமாம் புகாரி (ரஹ்) ஆகியோரும் தந்தையை இழந்து தாயின் கையில் வளர்ந்தவர்களே. இவர்களின் தாய்மார்களை அன்றைய சமுதாயம் தாங்கியது. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கவில்லை.

திருக்குர்ஆன் 2:220 வசனம், யதீம்களின் காரியங்களைச் சீர்படுத்துவதே சிறந்தது என்றும், அவர்களோடு கலந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரர்கள் என்றும் வழிகாட்டுகிறது. கலந்து வாழச் சொன்ன பிள்ளையை நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பிவிட்டு, ரமளானில் ஒரு காசோலை கொடுப்பது அந்த வசனத்தை நிறைவேற்றுவது ஆகுமா? நாம் யோசிக்க வேண்டும்.

அரசு கொடுப்பது எவ்வளவு, யாருக்கு?

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்துப் பராமரிப்பது முதல் வழி, நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. அதற்காகவே 45-ஆம் பிரிவில் நிதி ஆதரவு, அதாவது 'ஸ்பான்சர்ஷிப்' என்ற ஏற்பாடு உள்ளது. மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் இதற்காக ஒரு பிள்ளைக்கு மாதம் ₹4,000 தரப்படுகிறது. விதவை, விவாகரத்தான பெண், கணவனால் கைவிடப்பட்ட பெண் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டு.

அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் ₹2,000, பதினெட்டு வயது வரை. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு இது கிடைக்கும். ஒருவரை இழந்திருந்தால், மற்றவர் பிள்ளையைக் கைவிட்டிருக்க வேண்டும், அல்லது உடல் மனக் குறைபாட்டாலோ கடும் நோயாலோ சிறைவாசத்தாலோ பராமரிக்க முடியாத நிலையில் இருக்க வேண்டும். முதல் கட்டத்திலேயே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். பள்ளிப் படிப்புக்குப் பின் உயர்கல்விக்கும் திறன் பயிற்சிக்கும் உதவுவதாகவும் அரசு அறிவித்திருக்கிறது.

நல்ல திட்டங்கள்தான். ஆனால் ஜும்ஆவுக்குப் பின் வாசலில் நிற்கும் அந்தத் தாயை இவற்றில் பொருத்திப் பாருங்கள். அவர் உடல் நலத்தோடு இருக்கிறார், வேலைக்குப் போகிறார், பிள்ளையைக் கைவிடவில்லை. எனவே அன்புக் கரங்கள் அவருக்கு இல்லை. ஸ்பான்சர்ஷிப் கேட்கலாம். அதற்கு நகரத்தில் குடும்ப வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு ₹96,000. மாதத்துக்கு ₹8,000. முகப்பேரில் இரண்டு மூன்று வீடுகளில் வேலை செய்யும் பெண்ணோ, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல், பேக்கிங் வேலைக்குப் போகும் பெண்ணோ இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடுவார். தாண்டிய பணம் வாடகைக்கே போய்விடும். உழைக்கும் தாய் உழைத்ததாலேயே உதவியை இழக்கிறார். கடைசியில் பிள்ளையை விடுதிக்கு அனுப்பக் கடிதம் கேட்டு வருகிறார்.

இந்த இடைவெளியில்தான் நம் பைத்துல்மால் நிற்க வேண்டும். வரம்புக்குள் வருபவருக்கு அரசு உதவியை வாங்கிக் கொடுப்பது முதல் வேலை. வரம்பைத் தாண்டியும் தவிப்பவருக்கு அதே அளவு தொகையை மாதந்தோறும் ஜமாஅத் கொடுப்பது அடுத்த வேலை. ஒரு பிள்ளைக்கு மாதம் ₹4,000 என்றால் ஆண்டுக்கு ₹48,000. பத்துப் பிள்ளைகளுக்கு ₹4,80,000. நம் பகுதிப் பள்ளிவாசல்களில் ஒரு இஃப்தார் பருவத்துக்கு ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டு நிர்வாகிகள் கணக்குப் போடட்டும். ஜகாத்தில் உரிமை மாற்றம் நிபந்தனை என்று ஹனஃபி சகோதரர்கள் கேட்பார்கள். தாயும் பிள்ளையும் சேர்ந்த வங்கிக் கணக்கில் மாதந்தோறும் செலுத்திவிட்டால் அந்தக் கேள்விக்கும் இடமில்லை.

இதில் முகப்பேருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 2018-ல் அம்பத்தூர் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. முகப்பேர், பாடி, அம்பத்தூர் சென்னை மாவட்டம். கூப்பிடு தூரத்தில் உள்ள திருவேற்காடு, ஆவடி, பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். மனுவை எந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுப்பது என்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது. வாடகை குறைவு என்று முகப்பேரிலிருந்து திருவேற்காட்டுக்கு வீடு மாறும் விதவையின் கோப்பும் மாவட்டம் மாறுகிறது. படிக்காத ஒரு தாய் இதைத் தனியாகச் செய்ய முடியாது. கூடப் போவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

விடுதிதான் வழி என்றால்

எல்லாப் பிள்ளையையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்பதும் உண்மை. இருவரையும் இழந்து, ஏற்க உறவினரும் இல்லாத பிள்ளைகள் உண்டு. வீடே ஆபத்தாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு விடுதி ரஹ்மத்.

ஆனால் அந்த விடுதி பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். மாமல்லபுரம் பகுதி அநாதை இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவதாக 2007-ல் ஒரு நாளிதழில் வந்த செய்திதான் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாகப் போய், பத்தாண்டு விசாரணைக்குப் பின் 2017 மே 5 அன்று தீர்ப்பானது. வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது. எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று நீதிபதிகள் லோகூர், தீபக் குப்தா அமர்வு உத்தரவிட்டது. அந்தக் காலத்தில் மத்திய அரசு எடுத்த கணக்கில் நாடு முழுவதும் 9,589 இல்லங்களில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். இல்லங்கள் மிகுந்த மாநிலங்களின் வரிசையில் தமிழகம் முன்னணியில் இருந்தது.

பதிவு செய்யாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ₹1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டத்தின் 42-ஆம் பிரிவு. பதிவு என்றாலே நம்மைக் குறிவைக்கிறார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மதரஸாக்களின் அங்கீகாரத்தைத் திரும்பப் பெறச் சொல்லி தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் எழுதிய கடிதங்களின் மீதான நடவடிக்கையை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. ஆனால் கணக்கும் பதிவேடும் சரியாக இருக்கும் நிறுவனத்துக்குத்தான் நீதிமன்றத்தில் நின்று பேச வாய் இருக்கும். அதற்கும் மேலாக, யதீம் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் வயிற்றில் நெருப்பைத்தான் உண்கிறார்கள் என்று 4:10 வசனம் எச்சரிக்கும்போது, கணக்குக் கேட்பவர் மீது நாம் கோபப்படலாமா?

பதிவுக்கு அடுத்தது பள்ளி. கடிதம் கேட்டு வரும் தாயிடம் இப்போது நான் முதலில் கேட்பது, பையன் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், எந்த நாளில் சேர்வான் என்பதைத்தான். கல்வி உரிமைச் சட்டம் இதில் பிள்ளைக்குச் சாதகமாக இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. இடையில் படிப்பை விட்ட பிள்ளையை அவன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். நான் கடிதம் கொடுத்து அனுப்பிய அந்தப் பையனுக்கு இந்த மூன்று உரிமைகளும் இருந்தன. எனக்கும் தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை.

தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடஒதுக்கீட்டில், நம் மாநிலத்தில் அநாதைக் குழந்தைகள் 'வாய்ப்பு மறுக்கப்பட்டோர்' பிரிவில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அதற்கு வருமான வரம்பும் இல்லை. ஆனால் மத்திய மாநில நிதித் தகராறில் 2025-26 சேர்க்கை மாதக்கணக்கில் தாமதமானதையும் பார்த்தோம். அதை மட்டும் நம்பிக் காத்திருக்க முடியாது.

நல்லெண்ணத்தில் நாம் செய்யும் ஒரு தவறும் உண்டு. "நம்ம பிள்ளை இங்கிலீஷ் மீடியத்துல படிக்கட்டும்" என்று ஒரு தனவந்தர் கட்டணம் கட்டி, யதீம் பிள்ளையை ஆறாம் வகுப்பில் தனியார் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றுகிறார். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், மருத்துவத்துக்கு 2020 சட்டப்படியும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021 சட்டப்படியும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரியில் மாதம் ₹1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். தனவந்தரின் தொழில் இரண்டு ஆண்டில் நொடித்தால் பிள்ளைக்குக் கட்டணமும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்து, அதே பணத்தில் மாலையில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரை வைப்பது பிள்ளைக்கு நன்மை.

இன்னொன்று சாதிச் சான்றிதழ். நம் பிரிவுகளுக்கு 2007 முதல் 3.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தந்தையின் ஆவணம் இல்லாமல் பல யதீம் பிள்ளைகள் அதை வாங்க முடியாமல் தவிக்கிறார்கள். தாயின் கையில் உள்ள பழைய காகிதங்களை இன்றே பத்திரப்படுத்தி, பிள்ளைக்குச் சான்றிதழ் எடுத்துவிட வேண்டும். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க யாருமின்றி அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற பிள்ளைகள் தமிழகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தனி இனமாகவே இருக்கிறார்கள் என்பது நம் யதீம்கானா நிர்வாகிகள் பலருக்குத் தெரியாது. இங்கேயும் 'அங்கீகரித்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். பதிவு இல்லாத இல்லம் பிள்ளையின் இந்த உரிமையையும் சேர்த்தே இழக்க வைக்கிறது.

மதரஸா விடுதிகளிடம் ஒரு வேண்டுகோள்

நான் மதரஸாவில் ஓதியவன். பட்டப்படிப்பைப் பிறகுதான் தபாலில் முடித்தேன். ஆகவே இதை வெளியாள் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் மதரஸாக்களுக்குப் பொருந்தாது என்று 2012 திருத்தம் விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்கு நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. அதைக் காட்டி ஒரு யதீமை எட்டாம் வகுப்புச் சான்றுகூட இல்லாமல் வெளியே அனுப்புவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. பெற்றோர் உள்ள பிள்ளை ஹிஃப்ழ் முடித்து வந்தால், மறுபடி பள்ளியில் சேர்க்க ஒரு தந்தை ஓடுவார். யதீமுக்கு ஓடுவதற்கு யாரும் இல்லை.

காலையில் ஹிஃப்ழ், பகலில் பக்கத்துப் பள்ளி என்று நடத்தும் மதரஸாக்கள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத வைப்பவையும் இருக்கின்றன. மற்றவர்கள் யதீம் பிள்ளைகளுக்காவது இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

பதினெட்டு வயதில் எங்கே போவான்?

பதினெட்டு முடிந்ததும் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். பெற்றோர் உள்ள பிள்ளைக்கே கல்லூரி முதலாண்டில் கையில் பணம் இருக்காது. இவனுக்கு விடுமுறையில் போக வீடே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பல பிள்ளைகள் உடனே வேலைக்குப் போவது இதனால்தான்.

பருவமடைந்த பின் யதீம் நிலை இல்லை என்று அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. அதைச் சொல்லி, வயது வந்துவிட்டது, இனி நம் பொறுப்பில்லை என்பவர்கள் உண்டு. ஆனால் 4:6 வசனம், யதீம்கள் திருமண வயதை அடைந்தவுடன் சொத்தை ஒப்படைத்துக் கைகழுவச் சொல்லவில்லை. அவர்களைச் சோதித்துப் பார்த்து, பகுத்தறியும் பக்குவத்தைக் கண்டால் ஒப்படைக்கச் சொல்கிறது. பருவம் ஒன்று, பக்குவம் வேறு. பக்குவம் வராதவரின் சொத்தை இருபத்தைந்து வயது வரை ஒப்படைக்காமல் பாதுகாக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. இன்றைய சட்டத்தின் 46-ஆம் பிரிவு இருபத்தொரு வயது வரை 'பிற்காப்பு' தருகிறது. விதிகள், தேவைப்பட்டால் மேலும் இரண்டாண்டு நீட்டிக்க இடம் தருகின்றன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் யோசித்த விஷயத்தில் நாம் சட்டத்துக்கும் பின்னால் நிற்கக் கூடாது.

படிப்பைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் சான்று இருக்கிறது. மலப்புறம் மாவட்டம் வாழக்காட்டைச் சேர்ந்த முஹம்மது அலி ஷிஹாப், 1991-ல் தந்தை இறந்த பின் தாயால் முக்கம் முஸ்லிம் யதீம்கானாவில் சேர்க்கப்பட்டார். பத்தாண்டுகள் அங்கே வளர்ந்தார். வெளியே வந்த பின் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் பட்டம் முடித்தார். 2011-ல் ஐ.ஏ.எஸ். தேர்ச்சி பெற்று நாகாலாந்தில் பணியில் சேர்ந்தார். எல்லோரும் ஐ.ஏ.எஸ். ஆக வேண்டியதில்லை. ஒரு செவிலியர், ஓர் எலக்ட்ரீஷியன், ஒரு பள்ளி ஆசிரியர் ஆனால் போதும், ஒரு குடும்பம் ஜகாத் வாங்கும் நிலையிலிருந்து கொடுக்கும் நிலைக்கு மாறிவிடும்.

நம் மஹல்லாவில் என்ன செய்யலாம்?

முதலாவது, ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் எல்லைக்குள் தந்தையை இழந்த பிள்ளைகளின் பட்டியலை எடுக்கட்டும். பெயர், வகுப்பு, பள்ளி, கையில் உள்ள சான்றிதழ்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிகிற வேலை.

இரண்டாவது, படித்த இளைஞர் ஒருவரும் பெண் ஒருவரும் பொறுப்பேற்று, தாய்மார்களுடன் இ-சேவை மையத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் போகட்டும். பிள்ளை ஆபத்தில் இருந்தால் 1098-க்கு அழைக்கத் தயங்கக் கூடாது.

மூன்றாவது, அரசுத் திட்டங்களில் அடங்காத பிள்ளைகளுக்கு பைத்துல்மாலிலிருந்து மாதாந்திர உதவி. ரமளானில் மொத்தமாகத் தரும் தொகையைவிட, பன்னிரண்டு மாதமும் ஐந்தாம் தேதி தவறாமல் வரும் தொகைதான் தாய்க்குத் தைரியம் தரும்.

நான்காவது, கடிதம். எந்த இமாமும் நிர்வாகியும் விடுதிக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுக்கும் முன், இல்லத்தின் பதிவு எண், பிள்ளை சேரப்போகும் பள்ளி, மாற்றுச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் பார்க்கட்டும். கொடுத்த பின் பருவத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் அந்தப் பிள்ளையோடு பேசட்டும்.

யதீமைப் பொறுப்பேற்றவரும் தானும் சுவர்க்கத்தில் அருகருகே இருப்போம் என்று தம் இரு விரல்களால் சைகை செய்து காட்டினார்கள் நபி (ஸல்) அவர்கள் (புகாரி). பொறுப்பேற்பது என்றால் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிவைப்பது என்று நான் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அந்தப் பையன் இப்போது ஓர் உணவகத்தில் வேலை செய்கிறான். பார்த்தால் மரியாதையாக ஸலாம் சொல்கிறான். அவனுடைய தங்கை தாயோடு இருந்து அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கல்லூரிக்குப் போகும் வரை விசாரித்துக்கொண்டே இருப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அல்லாஹ் நம் குறைகளை மன்னித்து, யதீம்களின் கல்விக்குத் துணை நிற்கும் சமுதாயமாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.